ஏழாவது கட்டம்

மைசூர்,
12-6-2024

மேஷ்ட்ரு அவர்களுக்கு,

நீங்கள் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைத்த மாரக்காள் எழுதுகிறேன். நீங்களும் மீனாவும் கோயமுத்தூரில் சௌக்கியமா? உங்களுக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை, போனில் பேச முடியாது, எழுதினால் அப்பா படிப்பார் என்று மீனா சொல்லி விலாசம் கொடுத்தாள். எனக்கும் அது நல்லதாகப் போயிற்று. போன் என்றால் பாதியிலேயே அழுதுவிடுவேன். காகிதம் என்றால் நனைந்துவிடுமே என்று கொஞ்சம் பயம் இருக்கும்.

விஷயம் இதுதான். ஏப்ரல் மாதம் என் தம்பி தொட்டையன் ரேஷன் வாங்க சொசைட்டிக்குப் போனான். உன் கார்டில் ஒரு ஆள்தான் இருக்கிறது என்று சொல்லி ஒரு ஆள் அரிசியை மட்டும் அளந்தார்கள். என் பெயர் இல்லை. அவன் மகள் வைஷாலி பெயரும் இல்லை. அவன் பெண்டாட்டி கமலம்மாள் செத்த பிறகு அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

அரிசி போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது கால் வந்து நிற்கிறது. ஹெப்பாள் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போகிறேன் அல்லவா, மே மாதம் அங்கே உடைந்த டைல்ஸ் சில் வலது காலில் ஏறிவிட்டது. கட்டை விரலுக்கு அடியில். எனக்குச் சக்கரை இருப்பதால் ஆறவில்லை. முன்பென்றால் எங்கள் லைன் வீடுகளுக்கு எதிரிலேயே வார்டு ஆஸ்பத்திரி. சிஸ்டர் கட்டுப் போட்டு மாத்திரையும் கொடுப்பார். இப்போது செலவைக் குறைக்கிறார்களாம். அதை மூடி, ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொன்றோடு சேர்த்துவிட்டார்கள். அங்கேயும் செவ்வாயும் வெள்ளியும்தான் ஆள் இருக்கும். எங்கள் பக்கத்து பஸ்ஸும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ஆகிவிட்டது.

நொண்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "அட்மிட் ஆகி சுத்தம் பண்ணணும்மா. பி.பி.எல். கார்டுல உங்க பேர் இருந்தா எல்லாம் ஃப்ரீ. போய் கார்டைச் சரி பண்ணிட்டு வாங்க, ஆனா லேட் பண்ணாதீங்க, விரல் போயிடும்" என்றார். பெயர் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் பணம் கட்டி ரசீது கொண்டுவர வேண்டும்.

ரேஷன் ஆபீசுக்கு இரண்டு தடவை போனேன். "நாளெ பன்னி" என்கிறார்கள். நாளைக்கு வாங்க என்று மரியாதையாகத்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் என்னோடு வந்த தொட்டையன், "ரெண்டு நாளா நம்மளப் பன்னி பன்னின்னு கூப்புடறாங்கக்கா, நாமளும் கேட்டுட்டு வர்றோம்" என்றான். வரிசையில் நின்ற நம் ஆட்களெல்லாம் சிரித்தார்கள்.

எனக்கு நல்ல கன்னடத்தில் ஒரு அர்ஜி எழுதி அனுப்புங்கள் மேஷ்ட்ரே. நீங்கள் எழுதினால் ஆபீசில் படிப்பார்கள்.

மாரக்காள்


கோயமுத்தூர்,
20-6-2024

அன்புள்ள மாரக்காவுக்கு,

முரளிதரன் எழுதுவது. உங்கள் கடிதம் வந்ததும் இரண்டு தரம் படித்தேன். காலை மண்ணில் வைக்காதீர்கள். கேன்டீனில் ஈரத்தில் நிற்காதீர்கள். இதைச் சொல்வது எளிது, நிற்காமல் முடியாது என்றும் தெரியும். ஒரு பிளாஸ்டிக் உறையையாவது கட்டிக்கொள்ளுங்கள்.

கார்டைப் பற்றிச் சொல்கிறேன். போன வருஷம் மார்ச்சில் உங்கள் நான்கு லைனுக்கும் கார்டு சரிபார்ப்புக்கு வந்தவன் நானேதான் என்பதை மறந்துவிட்டீர்களா? ஆள் வைக்கப் பணமில்லை, ஓய்வு பெற்ற வாத்தியார்கள் உதவ வேண்டும் என்று கேட்டார்கள். தமிழ் லைன்களுக்குத் தமிழ் தெரிந்தவர் போனால் நல்லது என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டு நாளில் இருநூற்றுப் பத்து வீடு. உங்கள் வாசலில் உட்கார்ந்து எழுதியதும் நீங்கள் மோர் கொடுத்ததும் நினைவிருக்கிறது. ஆகவே தாளில் தப்பு இருக்க முடியாது. கம்ப்யூட்டரில் ஏற்றும்போதுதான் யாரோ கவனமில்லாமல் விட்டிருக்கிறார்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நம் பள்ளியில் ஒரு வருஷம் ஒரு பையன் எண்பத்தொரு மார்க் வாங்கினான். ரிஜிஸ்தரில் பதினெட்டு என்று ஏறிவிட்டது. மறுபடியும் பரீட்சை எழுதட்டும் என்றார்கள். அவன் ஏன் எழுத வேண்டும்? விடைத்தாளைக் கொண்டுவாருங்கள் என்றேன். தாள் வந்தது, மறுபேச்சில்லாமல் திருத்தினார்கள். உங்கள் விஷயமும் அதேதான். மூலத்தாளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் மூன்று பேர் இருக்கும், கீழே என் கையெழுத்து இருக்கும்.

அப்படியே கேட்டு அர்ஜி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தேதி போட்டுக் கையெழுத்திட்டு, ஒரு நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு எதற்கும் சம்மதிக்க வேண்டாம்.

அன்புடன்,
முரளிதரன்


மைசூர்,
8-7-2024

மேஷ்ட்ரு அவர்களுக்கு,

அர்ஜி கொடுத்துவிட்டேன். மூன்று நாள் போனேன். இப்போது அந்த ஆபீசில் விஜய்குமார் என்று ஒரே ஒரு ஆள். முன்பு நான்கு பேர் இருந்தார்கள். ரிட்டையர் ஆனவர்கள் இடத்தில் யாரையும் போடவில்லை.

அவர் உங்கள் அர்ஜியைப் படித்துவிட்டு, "யாரம்மா எழுதினது? சென்னாகிதெ, ரொம்ப நல்லாருக்கு. நம்ம ஆபீஸ்ல யாருக்கும் இப்படி எழுத வராது" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் மேஷ்ட்ரு என்றேன்.

பிறகு சொன்னார். "ஆனா அம்மா, பழைய தாளெல்லாம் மூட்டை கட்டி கோடவுனுக்குப் போயாச்சு. நான் ஒருத்தன், நாலு வார்டு. அதைத் தேட நான் எல்லி ஹோகலி, எங்க போறது? இப்போ புதுசா பேர் சேர்க்க ஓப்பன் இருக்கு. இந்த மாசம் முப்பத்தொண்ணு வரைக்கும்தான். இந்த ஃபாரத்துல சைன் போட்டு ஆதார் குடுங்க, நானே ஏத்தறேன். ஒரு மாசத்துல பேர் வந்துடும்."

ஃபாரத்தைக் கையில் வாங்கினேன். நீங்கள் வேறு எதற்கும் சம்மதிக்க வேண்டாம் என்று எழுதியது நினைவுக்கு வந்தது. மேஷ்ட்ருவைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வெளியே வந்ததும் தொட்டையன் கத்தினான். "அந்த மனுசன் மகவூட்டுல உக்காந்துட்டு நாயம் பேசறாரு. காலு உன்னதா, அவருதாக்கா? கையெழுத்தப் போட்டுக் குடுத்துப்போட்டு வாக்கா." பெரியவர்களை அப்படிப் பேசாதே என்று அவனை அடக்கினேன்.

காயத்தின் ஓரம் கறுப்பாகிறது. வலி குறைந்திருக்கிறது. வலி குறைந்தால் நல்லது என்று நான் நினைத்தேன். டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை.

ஃபாரம் கொடுக்கட்டுமா, தாளைக் கேட்கட்டுமா? சீக்கிரம் எழுதுங்கள். முப்பத்தொன்றுக்குள் எழுதுங்கள்.

மாரக்காள்


கோயமுத்தூர்,
15-7-2024

அன்புள்ள மாரக்காவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று கிடைத்தது. ஒரு நாள் முழுக்க யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அந்தப் புது ஃபாரத்தை இங்கே மீனா கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டினாள். அதன் கடைசியில் ஒரு வரி இருக்கிறது, விஜய்குமார் உங்களுக்குப் படித்துக் காட்டினாரா? "இதற்கு முன் என் பெயர் எந்தக் கார்டிலும் இருந்ததில்லை" என்று அதில் உறுதி சொல்ல வேண்டும். உங்கள் பெயர் பன்னிரண்டு வருஷம் அந்தக் கார்டில் இருந்தது. நாளைக்கு இதை வைத்தே பொய் சொல்லி வாங்கினாள் என்று கார்டையே ரத்து செய்தால் என்ன செய்வீர்கள்?

வகுப்பில் ஒரு கணக்கு தப்பாகிவிட்டால், விடையை மட்டும் அழித்துச் சரியான எண்ணை எழுதும் பிள்ளைகள் உண்டு. நான் விடமாட்டேன். எந்த வரியில் தப்பினாய், அந்த வரிக்குப் போ என்பேன். அந்த வரியைக் கண்டுபிடித்தவன் அடுத்த கணக்கில் தப்ப மாட்டான். இங்கேயும் தப்பு நடந்த வரி ஒன்று இருக்கிறது. அதை ஆபீஸ்காரர்கள் ஒப்புக்கொள்ளட்டும். உங்களுக்கு மட்டும் நடந்ததா, வேறு யாருக்கெல்லாம் நடந்ததோ.

தகவல் உரிமைச் சட்டத்தில் தாளைக் கேட்டு விண்ணப்பம் எழுதி, போஸ்டல் ஆர்டரும் வைத்திருக்கிறேன். முப்பது நாளில் பதில் தர வேண்டும், அது சட்டம். கொஞ்சம் பொறுங்கள். அதுவரை ரிங் ரோட்டு ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு தடவை கட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஆட்டோவில் போங்கள், நடக்காதீர்கள்.

தொட்டையன் கோபம் எனக்குப் புரிகிறது. அவரிடம் சொல்லுங்கள், நான் பொறுப்பு.

அன்புடன்,
முரளிதரன்


மைசூர்,
9-9-2024

மேஷ்ட்ரு அவர்களுக்கு,

தாள் வந்தது. முப்பது நாளில் வரவில்லை, ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி வந்தது. ஜெராக்ஸ் இத்துடன் இருக்கிறது.

விஜய்குமார் படித்துக் காட்டினார். ஏழாவது கட்டம், சம்சாரம் உடன் இருக்கிறதா என்று கேள்வி. அதில் பெருக்கல் குறி. வீட்டு ஆட்களின் பெயர் எழுத வேண்டிய எட்டாவது கட்டம் காலி. அதனால்தான் ஒரு ஆள் என்று ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றினவர்கள் தப்புச் செய்யவில்லை என்று சொன்னார். கீழே ஒரு கையெழுத்து. "இது யார் கையெழுத்தம்மா, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொன்னேன்.

புதுப் பெயர் சேர்ப்பது ஜூலையோடு மூடிவிட்டது. மறுபடி எப்போது திறக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை.

போன மாதம் பத்தொன்பதாம் தேதி கட்டை விரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். ஜுரம் வந்து நினைவில்லாமல் போனதால் தொட்டையன் தனியார் நர்சிங் ஹோமில் சேர்த்தான். அந்தச் செலவுக்கு அவன் வேலை செய்கிற மேஸ்திரியிடம் கடன் வாங்கினதற்கு ஈடாக சங்கராந்தி வரை கூலியில்லாமல் வேலை செய்கிறான். கேன்டீனில் எனக்குப் பதில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

சண்டை போட எழுதவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் எங்கள் வாசலில் உட்கார்ந்துதானே எழுதினீர்கள். நான் உங்கள் எதிரிலேயே நின்றேன். வைஷாலி பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உள்ளே இருந்தாள். உங்களுக்கு அவளை ஒன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும். எங்களைப் பார்த்துக்கொண்டே எப்படி இல்லை என்று போட்டீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

மாரக்காள்


கோயமுத்தூர்,
16-9-2024

மாரக்காவுக்கு,

கையெழுத்து என்னுடையதுதான். பெருக்கல் குறியும் என்னுடையது. இரண்டாவது கோட்டைக் கொஞ்சம் நீட்டி இழுப்பேன், நாற்பது வருஷப் பழக்கம்.

எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்ல வேண்டியது என் கடமை. இதைக் காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நடந்ததாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கன்னடத்தில் சம்சாரம் என்றால் குடும்பம். வீட்டில் இருக்கிற எல்லோரும் அதில் சேர்த்தி. தமிழில் நாம் மனைவியைத்தான் சம்சாரம் என்போம். இது எனக்குத் தெரியாததல்ல. வகுப்பில் உதாரணமாகவே சொல்லியிருக்கிறேன். ஒரு கன்னடக்காரர் என் சம்சாரத்தில் ஆறு பேர் என்று சொன்னால் சிரிக்காதீர்கள் என்பேன். பிள்ளைகள் அதற்கே சிரிப்பார்கள். அந்தப் படிவத்தில் குடும்பம் என்றே போட்டிருக்கலாம். யாரோ பேச்சு வழக்கில் போட்டுவிட்டார்கள். அதைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

முதல் இரண்டு நாள் லைன்களை ஒட்டிய கன்னடக்காரர்கள் வீடுகள். சரியாகத்தான் கேட்டேன். மூன்றாம் நாள் உங்கள் லைன்களுக்கு வந்தேன். கண் கன்னடத்தைப் படிக்கிறது, வாய் தமிழ் பேசுகிறது. எந்த வீட்டில் அந்தச் சொல் எனக்குத் தமிழாக மாறியது என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. தொட்டையனிடம், "சம்சாரம் இருக்காங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, "இல்லீங்க மேஷ்ட்ரே, உங்களுக்குத் தெரியாததுங்களா?" என்றார். கமலம்மாள் போய் எத்தனையோ வருஷம். ஆனால் என் மனைவி போய் அப்போது ஆறு மாதம்தான். என்னால் அந்தக் கேள்வியில் நின்றுகொண்டிருக்க முடியவில்லை. குறியைப் போட்டேன். "இல்லையெனில் எட்டைத் தாண்டவும்" என்று படிவத்தில் இருந்தது, தாண்டினேன். நீங்கள் மோர் கொண்டுவந்தது அதற்குப் பிறகு.

மனைவி இல்லாத வீட்டில் ஆட்களை எண்ண வேண்டாம் என்று ஒரு படிவம் ஏன் சொல்ல வேண்டும்? எந்தப் பிள்ளையும் கேட்டிருக்கும். கேள்வியை இரண்டு தரம் படி என்று அவர்களுக்குச் சொன்னவன் நான்.

இதைவிட மோசமானது ஜூலையில் செய்தது. முதல் தப்பு அவசரத்தில் நடந்தது. இரண்டாவதை ஒரு நாள் முழுக்க யோசித்து, உதாரணமெல்லாம் சொல்லிச் செய்தேன். விஜய்குமார் நீட்டின ஃபாரத்தில் நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் ஆகஸ்டில் பெயர் வந்திருக்கும். தாளில் தப்பு இருக்க முடியாது என்று எழுதினேனே, என்னிடம் தப்பு இருக்க முடியாது என்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறேன். தொட்டையனுக்கு அது அன்றைக்கே புரிந்திருக்கிறது.

விஜய்குமார் கேட்டபோது தெரியாது என்று சொன்னீர்களாம். எனக்காக அதைச் செய்திருக்க வேண்டாம். இனி யார் கேட்டாலும் என் பெயரைச் சொல்லுங்கள்.

மன்னிக்கும்படி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முரளிதரன்


கோயமுத்தூர்,
21-10-2024

மாரக்காவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. வராது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியாது, ஏனென்றால் விஷயம் உங்கள் வீட்டோடு நிற்கவில்லை.

பெண்கள் தனியாக இருந்த வீடுகளில் அதே கட்டத்துக்கு "வீட்டுக்காரர் இருக்காரா?" என்று கேட்டிருக்கிறேன். இல்லை என்றவர்களுக்கும் அதே குறி. அதாவது, மனைவியை இழந்தவர், புருஷன் விட்டுப்போனவர் என்று அந்த நான்கு லைனில் யார் யார் ஏற்கெனவே ஒண்டியாகக் கஷ்டப்பட்டார்களோ, தேடிப் பிடித்ததுபோல் அவர்கள் வீடுகளில் மட்டும் நான் ஆட்களை இல்லாமல் செய்திருக்கிறேன். வீடு வீடாக மனதில் நடந்து பார்த்து முப்பத்தொரு பெயர் எழுதினேன். பட்டியல் இத்துடன் இருக்கிறது. ஜடையன், மகேந்திரன், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இட்லி விற்கும் அம்மா, இப்படி. சில பெயர்கள் நினைவில்லை, வீட்டு அடையாளம் எழுதியிருக்கிறேன்.

நடந்ததை ஒப்புக்கொண்டு ஆபீசுக்கு ரிஜிஸ்தர் தபால் அனுப்பினேன். கணக்கெடுத்தவர் நேரில் வந்து, அடையாளம் காட்டி, ஒவ்வொரு தாளிலும் திருத்திக் கையெழுத்திட்டால் ஏற்றுக்கொள்ளலாம் என்று பதில் வந்திருக்கிறது. காது கேட்காமல் தனியாகப் போகக்கூடாது என்று மீனா சொல்கிறாள். நான் வருகிறேன். எந்த நாள் என்று மட்டும் நீங்கள் சொன்னால் போதும். நீங்கள் எழுத விரும்பாவிட்டால் வைஷாலியை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

கால் எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

முரளிதரன்


மைசூர்,
4-11-2024

மேஷ்ட்ரு அவர்களுக்கு,

பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை வாருங்கள். ஒன்பதரைக்கு ஆபீசில் இருக்க வேண்டும். மூலத்தாள் மூட்டையை அன்றைக்கு வரவழைப்பதாக விஜய்குமார் சொல்லியிருக்கிறார். கையெழுத்து யாருடையது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "அந்த அர்ஜி எழுதினவரா?" என்று கேட்டுவிட்டு அந்த அர்ஜியை எடுத்து மறுபடி படித்தார்.

உங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு வைஷாலி வீடு வீடாகப் போனாள். பத்தொன்பது வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் வருவார்கள். ஜடையன் ஜூன் மாதமே இறந்துவிட்டான். மகேந்திரன் தாயையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குண்டலுபேட்டைப் பக்கம் தோட்ட வேலைக்குப் போய்விட்டானாம். இங்கே ரேஷன் இருந்திருந்தால் போயிருக்க மாட்டான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மற்றவர்கள் எங்கே என்று தெரியவில்லை.

இட்லிக்கார அம்மா கேட்டாள், "படிச்ச மேஷ்ட்ருக்கே சம்சாரம்னா என்னன்னு தெரியலையா?" என்று. தெரியும், அதனால்தான் வந்த வினை என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

நான் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். இப்போதும் இருக்கிறது. காலைப் பற்றிக் கேட்டீர்கள். புண் மேலே ஏறுகிறது.

மாரக்காள்


கோயமுத்தூர்,
25-11-2024

மாரக்காவுக்கு,

சௌகரியமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் கண்டக்டர் எனக்காக ஊர் பெயரை ஒரு டிக்கெட்டின் பின்னால் எழுதிக் காட்டினார்.

ஆபீசில் உங்கள் அருகில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தும் பேச வேண்டியதைப் பேசவில்லை. கூட்டம், கையெழுத்து, அடுத்த தாள் என்று போய்விட்டது. உங்கள் காலை நேராகப் பார்க்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை, நீங்களும் புடவையை இழுத்து மூடிக்கொண்டீர்கள். பார்த்திருக்க வேண்டும். அதையாவது செய்திருக்க வேண்டும்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை தொட்டையன் வந்தார். என் பையை அவரே வாங்கிக்கொண்டார். பஸ் கிளம்பும்போது ஜன்னலருகில் வந்து என்னவோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. கேட்டதுபோல் தலையாட்டிச் சிரித்தும் வைத்தேன். அது சிரிக்கக்கூடிய பேச்சாக இருந்திருக்காது என்று ஊட்டி வரும்வரை உறுத்தியது. என்ன சொன்னார் என்று கேட்டு எழுதுவீர்களா?

முரளிதரன்


மைசூர்,
27-1-2025

மேஷ்ட்ரு அவர்களுக்கு,

கார்டு வந்துவிட்டது. ஜனவரி ஆறாம் தேதி விஜய்குமாரே போன் செய்து சொன்னார். தொட்டையன், மாரக்காள், வைஷாலி என்று மூன்று பெயரும் இருக்கிறது. இந்த மாதம் மூன்று ஆள் அரிசி வாங்கினோம். பத்தொன்பது வீட்டில் பதினான்குக்கு வந்திருக்கிறது. மற்ற ஐந்துக்கு சர்வர் இல்லை என்கிறார்கள்.

உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும், எழுதவில்லை. டிசம்பர் பதினாறாம் தேதி கணுக்காலுக்கு மேல் வைத்துக் காலை எடுத்துவிட்டார்கள். இனி காத்திருந்தால் முழங்காலுக்குப் போகும் என்றார்கள், அதனால் கார்டுக்குக் காத்திருக்கவில்லை. தொட்டையன் மேஸ்திரியிடம் இன்னும் ஆறு மாதம் கூலியில்லாமல் வேலை செய்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறான். கார்டு மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் அது வேண்டியிருக்காது. போன வாரம் கார்டோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாம் இலவசமாகப் பார்த்தார்கள். காயம் நன்றாக ஆறியிருக்கிறது, இனி வர வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

தொட்டையன் பஸ் ஸ்டாண்டில் சொன்னது என்னவென்று கேட்டிருந்தீர்கள். அவன் முதலில் சொல்லவில்லை. முந்தாநாள்தான் சொன்னான். "ஜூலையிலயே ஒருக்கா நேர்ல வந்து பாத்திருக்கலாமுங்கன்னு சொன்னேன், அதுக்கு அவரு சிரிச்சாரு" என்றான். உங்களுக்குக் கேட்டிருக்காது என்று நான் சொன்னேன். "கேட்டிருந்தா மட்டும்?" என்றுவிட்டு வேலைக்குப் போய்விட்டான். ஆனால் பழைய கோபம் இல்லை. உங்கள் பையில் ஒன்றுமே கனமில்லை, இந்த வயதில் ஒரு சட்டையோடு வந்திருக்கிறார் என்று இரண்டு தடவை சொன்னான்.

அன்றைக்கு ஆபீசில் விஜய்குமார் உங்களை, "நீங்கதானா சார் எழுதினது?" என்று கேட்டார். உங்களுக்குக் கேட்கவில்லை. நான்தான் உங்கள் காதில் கத்தினேன். நீங்கள் எழுந்து நின்று கன்னடத்தில் ஆமாம், என் தப்பு என்று சொன்னீர்கள். உங்களுக்குக் கேட்காததால் எவ்வளவு சத்தமாகச் சொன்னீர்கள் என்று தெரியாது. வரிசையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உங்களைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

மன்னிப்பைப் பற்றி நீங்கள் வாய் வரவில்லை என்று எழுதினீர்கள். எனக்கும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

அடுத்த வாரம் எங்கள் லைனில் வேறு ஏதோ கணக்கெடுக்க வருகிறார்களாம். இந்தத் தடவையும் யாரோ ரிட்டையர் ஆன மேஷ்ட்ருதான். அவர் எழுதி முடித்ததும், எழுதினதை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுப் போங்கள் என்று சொல்லப்போகிறேன். கோபித்துக்கொண்டாலும் சரி. உங்களிடம் அன்றைக்கு நான் அப்படிக் கேட்கவில்லை. எழுதுவது நம் மேஷ்ட்ரு என்று மோர் எடுக்க உள்ளே போய்விட்டேன்.

மாரக்காள்